கதவைச் சாத்திக்கொண்டு படித்த பிள்ளைகள்

"பிள்ளை படிக்காமலில்லை. இரவு பகலாகப் புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறான். ஆனால் பரீட்சை வந்தால் புள்ளிகள் மட்டும் வருவதில்லை. என்ன காரணமென்று விளங்கவில்லை."

இப்படி மனம் நொந்து பேசும் தாய்மாரை நாம் அடிக்கடி காண்கிறோம். கேட்பவர்களும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பிள்ளைக்குக் கவனமில்லை என்பார் ஒருவர். சிறு வகுப்பிலேயே அடித்தளம் சரியில்லை என்பார் மற்றவர். வீட்டுச் சூழல் போதாது என்றும், வசதி இல்லாத இடத்தில் இப்படித்தான் என்றும் இன்னும் சிலர் தீர்ப்பளிப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளை உண்மையில் எப்படிப் படிக்கிறது என்பதைக் கூடவிருந்து பார்த்தவர் இவர்களுள் யாருமில்லை.

அப்படிக் கூடவிருந்து பார்த்த ஒருவரைப் பற்றியும், அவரிடம் நுண்கணிதம் கற்ற மாணவர்களைப் பற்றியும் நம் தாய்மார்கள் அறிந்துகொள்வது நல்லது. அவர் பெயர் ஊரி ட்ரைஸ்மன். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானவர். ஆனால் இந்தச் செய்தி தொடங்கும் காலத்தில், 1970களின் நடுப்பகுதியில், அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவர். நுண்கணித வகுப்புகளுக்கு உதவி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது.

வாசலிலேயே ஒரு தடை

நுண்கணிதம் என்பது மாறிக்கொண்டே இருக்கும் அளவுகளைக் கணக்கிடும் கணிதம். ஓடும் பஸ்ஸின் வேகம் ஒரு கணத்தில் எவ்வளவு, நிரம்பும் தொட்டியில் இத்தனை நிமிடத்தில் சேர்ந்த நீர் எவ்வளவு என்பன போன்ற கேள்விகளுக்கு அது விடை தருகிறது. நமது உயர்தர மாணவர்கள் வகையீடு, தொகையீடு என்று படிப்பவை இதன் பகுதிகளே. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொறியியலோ விஞ்ஞானமோ படிக்க விரும்பும் மாணவன் முதலாண்டிலேயே இப்பாடத்தைக் கடந்தாக வேண்டும். இதில் தவறியவனுக்கு அந்தத் துறைகளின் கதவு அநேகமாக அத்துடன் மூடப்பட்டுவிடும்.

பேர்க்லியில் அந்தக் கதவு ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் திரும்பத் திரும்ப மூடப்பட்டது. முதற் பருவ நுண்கணிதத்தைக் கற்று முடித்த கறுப்பின மாணவர்களில் சுமார் 60 வீதத்தினர் மிகக் குறைந்த தரங்களையே பெற்றனர். அதே வகுப்பில் இருந்த சீன வம்சாவளி மாணவர்களோ மிகச் சிறப்பாகச் சித்தியடைந்தனர்.

எல்லோரும் நம்பிய நான்கு காரணங்கள்

காரணம் என்னவென்று ட்ரைஸ்மன் பலரிடம் கேட்டார். பெரும்பாலும் நான்கு விடைகளே கிடைத்தன. இந்த மாணவர்களுக்கு ஊக்கம் போதாது, பாடசாலையில் சரியான தயாரிப்பில்லை, குடும்பத்தின் ஆதரவில்லை, வறுமை. நமது ஊரில் நாம் சொல்லும் காரணங்களும் இவைதானே!

அவரும் அவருடைய சகபாடிகளும் இவற்றை ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். மாணவர்களைச் சந்தித்தார்கள், அவர்களது குடும்பத்தாருடனும் பேசினார்கள். தங்கள் பாடசாலைகளில் முன்னணியில் நின்று, பல சிரமங்களைக் கடந்தே அந்தப் பிள்ளைகள் பேர்க்லிக்கு வந்திருந்தார்கள். ஊக்கமில்லாதவர்களால் அங்கு வந்து சேரவே முடியாது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே, அது பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று தீர்மானித்திருந்த பெற்றோர்களும் இருந்தார்கள். எல்லோரும் வறியவர்களுமல்லர், ஆசிரியர்களின் பிள்ளைகளும் அரச ஊழியர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். நுழைவுப் பரீட்சையில் கூடுதலான புள்ளிகள் பெற்றிருந்த மாணவர்கள் கூட ஆரம்பத்திலேயே இடறி விழுந்தார்கள் என்பது எல்லாவற்றையும் விட வியப்பானது.

நான்கு காரணங்களும் பொய்த்துப் போயின. இனி ஒரு வழிதான் இருந்தது. பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது.

கூடவிருந்து பார்த்தபோது

கறுப்பின மாணவர்கள் 20 பேரையும் சீன மாணவர்கள் 20 பேரையும் தெரிந்தெடுத்தார் ட்ரைஸ்மன். வீடியோக் கமெராவையும் எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனார். நூலகத்திலும் அறைகளிலும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சுமார் 18 மாத காலம் அவதானித்தார்.

கறுப்பின மாணவர்கள் விரிவுரைகளைத் தவறவிடவில்லை. கொடுத்த பயிற்சிகளை உரிய நாளில் ஒப்படைத்தார்கள். வகுப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு வீட்டில் இரண்டு மணித்தியாலம் படிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. அதன்படி வாரம் 8 மணித்தியாலம் ஒழுங்காகப் படித்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். 20 பேரில் 18 பேர் சகமாணவர் ஒருவருடனும் சேர்ந்து படித்ததே இல்லை. அவர்களுக்கு நண்பர்கள் இருந்தார்கள். எனினும் நட்பு ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம், இரண்டும் கலப்பதில்லை.

சீன மாணவர்களும் முதலில் தனியாகத்தான் படித்தார்கள். ஆனால் மாலையானதும் ஒன்றுகூடினார்கள். சில வேளை சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, செய்த கணக்குகளை எடுத்து ஒப்பிட்டார்கள். ஒருவனுடைய விடை மட்டும் வேறாக இருந்தால் பிழை தன்னிடம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களிடம் கேட்டு உடனே திருத்திக்கொள்வான். ஒருவருக்குமே விடை வராவிட்டால், கணக்கு உண்மையிலேயே கடினமானது, தன் மூளையில் குறையில்லை என்று எல்லோருக்கும் விளங்கும். நூலகத்தில் இருந்த பழைய வினாத்தாள்களை எடுத்துச் செய்து பார்த்தார்கள். வீட்டில் மூத்த சகோதரனோ உறவினரோ கேள்வி கேட்டுச் சோதித்தார்கள். இப்படி வாரத்துக்குச் சுமார் 14 மணித்தியாலம் சேர்ந்தது. சொல்லப்பட்ட 8 மணித்தியாலம் போதாது என்பதும் கூடிப் பேசியதால்தான் அவர்களுக்குத் தெரியவந்தது.

தனியாகப் படித்த மாணவனுக்கு இதைச் சொல்ல ஆளில்லை. மற்றவர்கள் எவ்வளவு படிக்கிறார்கள், தான் எந்த இடத்தில் நிற்கிறான் என்பது எதுவும் அவனுக்குத் தெரியாது. முதற் பரீட்சையின் பெறுபேறு வந்தபோது அவன் திகைத்துப் போனான். தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டோமே என்று எண்ணி, தனக்கு இந்தப் பாடம் வராது என்ற முடிவுக்கும் வந்தான்.

இதில் சிந்திக்க வேண்டிய ஒன்றுண்டு. தனியாகப் படிக்கும் அந்தப் பழக்கம் கெட்ட பழக்கமல்ல. படிப்பில் நாட்டமில்லாத கூட்டத்திலிருந்து ஒதுங்கி, கதவைச் சாத்திக்கொண்டு படித்ததால்தான் அந்தப் பிள்ளைகள் பாடசாலையில் முன்னுக்கு வந்தார்கள். பல்கலைக்கழகம் வரை அவர்களைக் கொண்டுவந்து சேர்த்த அதே பழக்கம், அங்கு வந்தபின் காலை வாரிவிட்டது. பாடம் கடினமாகும்போது தனியொருவரின் உழைப்பு மட்டும் போதாமற் போகிறது.

கௌரவமாகக் கொடுத்த உதவி

பின்தங்கிய மாணவர்களுக்கென மேலதிக உதவி வகுப்புகள் அங்கு முன்பே இருந்தன. ஆனால் இந்த மாணவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பாடசாலையில் முதலாவதாக வந்த பிள்ளை, "மெல்லக் கற்போர்" என்ற பெயர்ப்பலகையின் கீழ் போய் உட்காருமா?

ஆகவே 1978இல் ட்ரைஸ்மன் தொடங்கிய கணிதப் பயிற்சிக்கூடம் வேறு மாதிரியாக அமைந்தது. இது பின்தங்கியோருக்கான வகுப்பல்ல. மேலே வர விரும்பும் திறமைசாலிகளுக்கானது என்று சொல்லி அழைத்தார். கொடுத்த கணக்குகளும் இலேசானவையல்ல. வகுப்பில் தருவதை விடக் கடினமானவை. மாணவர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து அவற்றோடு மல்லுக்கட்டினார்கள். ஆசிரியர் விடையைச் சொல்லிக் கொடுப்பதில்லை. குழுவுக்குக் குழு போய், "இந்தப் படி எப்படி வந்தது? பக்கத்திலிருப்பவருக்கு விளக்கிச் சொல்" என்று கேட்பார். பிறருக்கு விளக்கப் போகும்போதுதான் தனக்கு விளங்காத இடம் எது என்று மாணவனுக்குத் தெரிகிறது. கற்பித்துப் பழகிய எல்லோரும் அறிந்த உண்மை இது.

பயிற்சிக்கூடத்துக்கு வந்த கறுப்பின மாணவர்கள், வராத தம் இனத்தவரை மட்டுமன்றி வகுப்பின் ஏனைய மாணவர்களையும் முந்தினார்கள். இந்த முறை பின்னர் அமெரிக்காவின் வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. 1992இல் ட்ரைஸ்மனுக்கு மக்ஆர்தர் புலமைப்பரிசில் கிடைத்தது. பேர்க்லியில் கண்டவற்றை அவர் கட்டுரையாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

நம் வீடுகளில் செய்யக்கூடியவை

இனத்தால் ஒருவர் கெட்டிக்காரர், மற்றவர் மந்தம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படியிருந்தால் பயிற்சிக்கூடம் பலன் தந்திருக்காது. படிக்கும் முறை மாறியது, பெறுபேறும் மாறியது.

எல்லா நேரமும் கூட்டமாயிருப்பதும் படிப்பாகாது. முதலில் தனியாக முயன்று பார்க்க வேண்டும். பிறகு கூடி ஒப்பிட வேண்டும். அந்தச் சீன மாணவர்கள் செய்தது இதைத்தான். ஆகவே நண்பர்கள் வந்தால் படிப்புக் கெட்டுவிடும் என்று எல்லோரையும் ஒரேயடியாகத் துரத்திவிடாதீர்கள். எந்த நண்பர் புத்தகத்துடன் வருகிறார் என்று பாருங்கள்.

பெண் பிள்ளைகளின் விடயத்தில் நாம் கூடுதலாகச் சிந்திக்க வேண்டும். ஆண் பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் சந்தியில் நின்றாவது ஒரு கணக்கைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் நேரே வீட்டுக்கு வந்து அறைக்குள் போய்விடுகிறார்கள். ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டால் கேட்பதற்கு ஆளில்லை. தனக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்று மனதுக்குள் அழுகிறார்கள். பக்கத்து வீட்டிலோ உறவிலோ அதே வகுப்புப் படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். வாரத்தில் இரண்டு பின்னேரம் உங்கள் வீட்டு மண்டபத்தில் அவர்களை உட்காரச் சொல்லுங்கள். ஒரு பாயும் தேநீரும் போதும். உங்களுக்கு நுண்கணிதம் தெரிய வேண்டுமென்பதில்லை. "இந்தக் கணக்கை எனக்கு விளங்கும்படி சொல், பார்ப்போம்" என்று கேட்கத் தெரிந்தால் போதுமானது.

பிள்ளை குறைந்த புள்ளியுடன் வீட்டுக்கு வரும்போது, மூளையில்லை என்றோ முயற்சியில்லை என்றோ வாய் திறக்குமுன் சற்றுப் பொறுங்கள். எப்படிப் படித்தாய், யாருடன் படித்தாய், விளங்காததை யாரிடம் கேட்டாய் என்று விசாரியுங்கள். ஒருவரிடமும் கேட்கவில்லை என்று பிள்ளை சொன்னால், தேட வேண்டிய காரணம் உங்கள் கையிலேயே கிடைத்துவிட்டது. அடுத்த நாளே அந்தப் பாயை விரியுங்கள்.