பாவோடு தறியும்: பேரவையில் கணக்குக் காட்சி

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நிலை அதன் கணக்கேடு. அந்த ஏடு பெட்டிக்குள் பூட்டிக் கிடப்பதால் யாருக்கும் பயனில்லை. சங்கத்தின் சொந்தக்காரர்களாகிய அங்கத்தினர்கள் அதனைக் கண்டு, கேட்டு, தெளிந்த பின்னரே அது சங்கத்தின் கணக்காகும். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில், நெசவாளர் பலரை உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் கூடிக் கூட்டுறவுக் கடை ஒன்றைத் திறந்தனர். வரவு செலவு அறிக்கையையும் ஐந்தொகையையும் அடிக்கடி அங்கத்தினர் முன் வைக்க வேண்டும் என்பது அவர்கள் கைக்கொண்ட நெறிகளுள் ஒன்று. பாவும் ஊடையும் அறிந்த கைகள் வகுத்த நெறி அது.

இந்நாளில் சங்கங்கள் பல, ஆண்டுப் பொதுப் பேரவையில் கணக்கை வாயால் வாசிப்பதோடு நில்லாமல், கணினியின் துணையால் திரையில் படங்களாகவும் பட்டியல்களாகவும் காட்டத் தொடங்கியுள்ளன. போற்றத்தக்க முயற்சியே. ஆயினும் அம்முயற்சி இறுதி நேரத்தில் பொய்த்துப் போவதையும் கூட்டுறவு ஆய்வாளர் என்ற முறையில் நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறு நேர்ந்த ஒன்றை முதலிற் கூறி, அதனைத் தவிர்க்கும் வழியைப் பின்னர் விளக்குவோம்.

பேரவையில் நேர்ந்தது

கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்று. சொந்த மண்டபம் இல்லாமையால் அதன் பேரவை ஒரு பள்ளிக் கட்டடத்தில் கூடிற்று. செயலர் பத்து நாள் உழைத்து, பவர்பாயிண்ட் மென்பொருளில் இருபது படவில்லைகளைத் தயாரித்து, பென் டிரைவில் எடுத்து வந்திருந்தார். பள்ளிக் கணினியிலோ அந்த மென்பொருள் இல்லை. பிறர் கணினியில் நினைத்தவுடன் ஒரு மென்பொருளை நிறுவிவிட முடியாது. அதற்குரிய கடவுச்சொல்லை அறிந்த ஆசிரியர் அன்று ஊரில் இல்லை. அங்கத்தினர் ஒருவர் தம் மகனுடைய மடிக்கணினியைக் கொண்டு வந்தார். அதில் காட்சி திறந்தது. ஆனால் தமிழ் எழுத்துக்கள் யாவும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றின. இவ்வாறு ஒரு மணி நேரம் கழிந்தது. முடிவில் செயலர் அறிக்கையை விரைந்து படித்தார். தீர்மானத்துக்குக் கையுயர்த்தும்படி தலைவர் கேட்டுக்கொண்டார்.

அப்போது முதிய நெசவாளர் ஒருவர் எழுந்தார். "ஐயா, பாவை நீட்டிப் பார்க்காமல் நாங்கள் தறியில் ஏற்றுவதில்லை. கணக்கை மட்டும் பார்க்காமல் எப்படிக் கை தூக்குவது?" என்று கேட்டார். அவருக்கு விடை கூறுவார் இல்லை. பொழுது போய்விட்டதென்று மற்றவர்கள் கை உயர்த்தினர்; தீர்மானம் நிறைவேறிற்று.

காட்டப்படாமற் போன வில்லைகளுள் ஒன்று, கிடங்கில் தேங்கிய சேலைகளின் மதிப்பு முந்திய ஆண்டைவிட இரு மடங்காகிவிட்டதை உணர்த்தும் படம். அதே ரகத்தையே வரும் ஆண்டிலும் நெய்வது என்பதுதான் அன்று நிறைவேறிய தீர்மானம். நான்கு மாதங்களில் ரொக்கக் கடனின் வரம்பு தீர்ந்தது. நூல் வாங்கப் பணமின்றிப் பல தறிகள் வாரக் கணக்கில் நின்றன. அந்தப் படத்தைக் கண்டிருந்தால் அங்கத்தினர்கள் வேறு முடிவுக்கு வந்திருப்பார்களோ என்னவோ. கண்டு முடிவு செய்யும் வாய்ப்பே அவர்களுக்குக் கிட்டவில்லை. முந்தின நாளே அங்குச் சென்று சோதித்துப் பார்க்கும்படி நாம் செயலரிடம் கூறியிருக்க வேண்டும். கூறாதது நம் பிழை.

குறை எங்கே?

நெய்வதற்குப் பாவும் ஊடையும் மட்டும் போதா, தறியும் வேண்டும். பவர்பாயிண்டில் செய்த கோப்பு, பாவு போன்றது. அதனைத் திறந்து காட்டும் மென்பொருளே தறி. செயலர் பாவை மட்டும் சுமந்து சென்றார். தறி அயலார் வீட்டில் இருக்குமென்று நம்பினார்.

முன்னர், காட்சியைத் திறந்து காட்ட மட்டும் உதவும் பவர்பாயிண்ட் வியூவர் என்ற இலவச மென்பொருளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்தது. 2018 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டுவிட்டது. காட்சியைச் சி.டி.க்குப் பொதியும் வசதி இன்றும் பவர்பாயிண்டில் உண்டு. அது காட்சியையும் அதனோடு இணைத்த ஒலி, ஒளிக் கோப்புகளையும் ஒரே உறையில் சேர்த்துத் தரும். ஆனால் தறியைத் தராது.

தமிழ் எழுத்து மாறிய காரணமும் இதை ஒத்ததே. பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவம் அமர்த்தப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் உள்ள ஆங்கில எழுத்தே வெளிப்படும். யூனிகோடு முறையில் தட்டெழுதினால் இத்தொல்லை இல்லை. எனினும் ஓர் எழுத்துருவுக்கு மாற்றாக வேறொன்று வந்து அமரும்போது அகலம் வேறுபட்டு, பட்டியலின் வரிகள் கட்டத்தைவிட்டு வெளியே ஓடிவிடுதல் உண்டு.

இரு வழிகள்

தறி இல்லாத ஊருக்குச் செல்பவனுக்கு இரண்டு வழிகள் உள்ளன. நெய்து முடித்த துணியைக் கொண்டு செல்லலாம். அன்றி, தறியையும் உடன் கொண்டு செல்லலாம். இரண்டையும் செய்து வைத்துக்கொள்வதே விவேகம்.

நெய்த துணி என்பது பி.டி.எஃப். கோப்பு. பவர்பாயிண்டிலேயே காட்சியைப் பி.டி.எஃப். ஆகச் சேமிக்கலாம். எழுத்துருவும் அக்கோப்பினுள்ளேயே சென்றுவிடுவதால் எழுத்து மாறுவதில்லை. இதைத் திறக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. எட்ஜ், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய உலாவிகளுள் எதுவும் திறக்கும். எஃப்-11 விசையை அழுத்தினால் உலாவி திரை முழுவதும் விரியும். ஒன்றை நினைவில் கொள்க: வில்லைகளில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும்படி அமைத்திருந்தால், பி.டி.எஃப்.பில் அவை யாவும் ஒருங்கே தோன்றும். படிப்படியாகக் காட்ட விரும்புவோர், படிக்கு ஒரு வில்லையாகப் பிரித்துச் செய்தல் வேண்டும்.

கணினியே இல்லாத இடங்களில், பென் டிரைவைச் செருகும் வசதியுள்ள தொலைக்காட்சிப் பெட்டி கைகொடுக்கும். வில்லைகள் அனைத்தையும் ஜே.பி.ஜி. படங்களாகச் சேமித்தால் பெரும்பாலான பெட்டிகள் அவற்றைக் காட்டும். படங்களின் பெயரை 01, 02, 03 என இரண்டு இலக்கங்களில் இடுக. 1, 2, 3 என்று இட்டால் சில பெட்டிகள் 1-க்கு அடுத்து 10-ஐக் காட்டி, வரவுக்கு முன் செலவு வரும்படி செய்துவிடும். அசைவும் குரலும் வேண்டுவோர் காட்சியை எம்.பி.4 ஒளிப்படமாகவும் சேமித்துக்கொள்ளலாம்.

உடன் செல்லும் தறி என்பது லிப்ரே ஆபீஸ் போர்ட்டபிள். லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச மென்பொருள் 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து உருவானது. கணினியில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயங்கும் வடிவிலும் அது கிடைக்கிறது. 8 ஜி.பி. கொள்ளளவுள்ள பென் டிரைவில் தாராளமாக அடங்கும். அதிலுள்ள இம்பிரெஸ் என்ற பகுதி பவர்பாயிண்ட் கோப்பைத் திறக்கும். எஃப்-5 விசையை அழுத்தினால் காட்சி தொடங்கும். கூட்டத்தன்று காலையில் ஓர் எண்ணைத் திருத்த நேர்ந்தாலும் அங்கேயே திருத்தலாம். கட்டணமின்றி முறையாகக் கிடைப்பதனால் திருட்டு நகலை நாடும் இழிவும் இல்லை.

இதற்கும் குறைகள் உண்டு. பவர்பாயிண்டில் செய்ததை இம்பிரெஸில் திறக்கும்போது பட்டியல்கள் சற்று இடம் பெயரக்கூடும். முன்னரே திறந்து பார்த்துச் சரிசெய்தல் நலம். பென் டிரைவிலிருந்து எந்த மென்பொருளும் இயங்காதபடி தடுத்து வைத்துள்ள அலுவலகக் கணினிகளும் உள. ஆகையால் முதல் இடம் பி.டி.எஃப்.புக்கே, லிப்ரே ஆபீஸ் துணைக்கு வருவது. இணையத்தின் வழியே காட்டும் வழியும் உண்டென்றாலும், சிற்றூர் மண்டபத்தில் இணையம் கிடைக்குமென்று எண்ணிச் செல்வது அயலார் தறியை நம்புவதற்கு ஒப்பாகும்.

காவலும் கவனமும்

பல கணினிகளில் செருகப்படும் பென் டிரைவ், பல ஊர் நீர் குடித்த பயணியைப் போன்றது. 2008-இல் உலகெங்கும் பரவிய கான்ஃபிக்கர் என்ற கணினி நச்சுநிரல் பென் டிரைவ்களின் வழியாகவும் பரவிற்று. ஆதலின் பேரவைக்கென ஒரு பென் டிரைவைத் தனியே ஒதுக்குக. கூட்டம் முடிந்து திரும்பியதும் நச்சுநிரல் சோதனை செய்யாமல் சங்கக் கணினியில் அதனைச் செருக வேண்டா. அங்கத்தினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் முதலியவற்றை அதில் வைக்கவே கூடாது. கைதவறிப் போகும் பொருள் அது. கோப்பை நகலெடுத்தவுடன் பிடுங்காமல், பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்த பின்னரே எடுக்க வேண்டும்.

முந்தின நாளே காட்சி நடக்கும் இடத்துக்குச் சென்று, அதே கணினியில், அதே புரொஜெக்டரில் தொடக்கம் முதல் இறுதி வரை ஓட்டிப் பாருங்கள். மடிக்கணினியில் படம் இருந்தும் திரையில் விழாவிட்டால், விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி, இரண்டிலும் காட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். கடைசி வரிசையில் ஒருவரை அமர்த்தி, எண்கள் அவர் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று கேளுங்கள். நாற்பது வரிப் பட்டியலை ஒரே வில்லையில் திணித்தால், காட்டியும் காட்டாததாகவே முடியும்.

மேற்சொன்ன சங்கத்தின் அடுத்த பேரவைக்கும் நாம் சென்றிருந்தோம். அதே பள்ளி, அதே கணினி. செயலர் பி.டி.எஃப்., படங்கள், லிப்ரே ஆபீஸ் மூன்றையும் கொண்டு வந்திருந்தார். தேங்கிய சரக்கின் படம் திரையில் விழுந்ததும் மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. இடையில் மின்சாரம் கால் மணி நேரம் நின்றது. அச்சிட்டு வைத்திருந்த தாள்களைக் கொண்டு பேச்சுத் தொடர்ந்தது. செயலரை நோக்கிக் கடுமையான கேள்விகள் எழுந்தன. இரண்டு மணி நேர வாதத்துக்குப் பின், நெய்யும் ரகங்களில் ஒன்றைப் பாதியாகக் குறைப்பதென்று முடிவாயிற்று. சிலருக்கு அம்முடிவு உவப்பில்லை. ஆனால் அது கண்டறிந்து செய்த முடிவு.

நெசவாளர் சங்கமாயினும் வேளாண்மைச் சங்கமாயினும் செயலர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக. அங்கத்தினர்களும் வாளா இராமல், "கணக்கைக் காட்டும் ஏற்பாடு சரிபார்க்கப்பட்டதா?" என்று பேரவைக்கு முந்தின நாளே கேட்பார்களாக. கேட்பது அவர்கள் உரிமை. காட்டுவது நம் கடமை.