சரக்குப் பிணைப்புச் சங்கிலி

சரக்குப் பிணைப்புச் சங்கிலி என்பது சரக்குந்தில் ஏற்றப்பட்ட பொறிகள், மரத்தடிகள் முதலியன நகராதவாறு இறுக்கிக் கட்டப் பயன்படும் எஃகுச் சங்கிலியாகும். ஐக்கிய அமெரிக்காவில் இதற்குப் பெரும்பாலும் பொன்னிறப் பூச்சுடைய 70 ஆம் தரச் சங்கிலி பயன்படுகிறது.

சேமிப்பு

3/8 அங்குலத் தடிப்பும் 20 அடி நீளமும் கொண்ட சங்கிலி ஏறத்தாழ 13 கிலோகிராம் எடையுடையது. ஆகவே வாகனக் கொட்டகைச் சுவரில் தொங்கவிடும்போது, கொக்கிகளை ஜிப்சம் பலகையில் அன்றி அதன் பின்னுள்ள மரச்சட்டங்களில் பொருத்த வேண்டும். தோள் உயரத்துக்கு மேல் மாட்டுவது இடர் மிக்கது.

ஈரமான கற்காரைத் தரையில் குவித்து வைத்தால் அடியிலுள்ள கண்ணிகள் துருப்பிடிக்கும். கண்ணிகளில் பொறிக்கப்பட்ட தரக்குறி துருவாலோ தேய்வாலோ மறைந்து, தரத்தை அறிய இயலாது போனால், அமெரிக்கக் கூட்டரசு விதிகளின்படி அச்சங்கிலி 30 ஆம் தரமாகவே கொள்ளப்படும். அதாவது மேற்கூறிய சங்கிலியின் வேலைச் சுமை வரம்பு 6,600 பவுண்டிலிருந்து (ஏறத்தாழ 3 டன்) 2,650 பவுண்டாகக் குறைந்துவிடும். பூச்சின் நிறத்தை மட்டும் நம்புவது சரியன்று. தரவாரியாகத் தனித்தனியே தொங்கவிட்டால் குழப்பம் நேராது. விரிசல், நீட்சி, வளைவு ஆகியனவும் எடுக்கும்போதே கண்ணில் படும்.

மின்கல அமிலம் உயர்தர எஃகைக் கெடுக்குமாதலால் பழைய மின்கலங்களின் அருகே சங்கிலிகளை வைத்தலாகாது. பாலியெஸ்டர் பட்டைகளை நன்கு உலர்த்திய பின்னரே சுருட்டி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.