மூவண்ணப் பூனையும் முடங்கிய எக்ஸும்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் வலைக்குவியல் மேல் படுத்திருக்கும் மூவண்ணப் பூனைகள் எல்லாமே பெட்டைகளாக இருப்பது ஏன் என்று நிரவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று, கருவிலேயே ஒவ்வொரு செல்லிலும் முடங்கிவிடுகிறது. சுண்டெலிகளின் ரோம நிறத்தை வைத்து 1961-இல் இதைச் சொன்னவர் மேரி லயன். பூனையின் செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸில் இருக்கிறது. ஒன்றில் செம்மஞ்சளும் மற்றதில் கறுப்பும் வாய்த்த பெட்டைக்கு, எங்கே எது முடங்கியதோ அதற்கேற்பத் திட்டுத்திட்டாக நிறம் விழுகிறது. வெள்ளைக்கு வேறு மரபணு. அபூர்வமாக மூவண்ணக் கடுவன் பிறந்தால், பெரும்பாலும் அதற்கு எக்ஸ்-எக்ஸ்-ஒய் இருக்கும்.

மனிதரிலும் சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு அப்படி உண்டு. அது கிளைன்ஃபெல்ட்டர் நிலை. கால் நீண்டு வளர்வார்கள். விரை சிறுத்திருக்கும், தாடி மீசை குறைவு. குழந்தை இல்லையென்று சோதிக்கும்போதுதான் பலருக்குத் தெரியவரும். சுமார் 2,500 பெண்களில் ஒருவர் ஒரே ஒரு முழு எக்ஸோடு பிறக்கிறார். அது டர்னர் நிலை. உயரம் குறையும், சினைப்பை சரியாக வளராது, சிலருக்கு இதயப் பெருந்தமனி குறுகியிருக்கும்.

எப்படியும் ஒன்று முடங்கத்தான் போகிறது, பிறகு ஒன்று குறைந்தால் என்ன? என்னை வெகுகாலம் விடாத புதிர் இது. பாட்டி வீட்டுக் கொடியடுப்புக்குத் தனி விறகு கிடையாது. ஆனாலும் அதில் ரசம் கொதித்துவிடும். முடங்கிய எக்ஸிலும் அப்படிச் சில மரபணுக்கள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. எலும்பு நீள உதவும் ஷாக்ஸ் அவற்றில் ஒன்று. ஒய்யிலும் அது இருப்பதால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வழக்கமாக இரண்டு. டர்னரில் ஒன்றுதான், உயரம் குறைகிறது. கிளைன்ஃபெல்ட்டரில் மூன்று; உயரம் கூடுகிறது.

உடலின் இந்த நுட்பங்களை மனிதரை அவமதிக்கவும் பயன்படுத்துகிறோம். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் பதக்கத்தைப் பாலினப் பரிசோதனையைக் காட்டிப் பறித்தார்கள். அந்த அநியாயம் இன்றும் மனதை அறுக்கிறது. வீடுகளிலும் வேறு வகையில் அதேதான்: வயதுக்கு வராத பெண்ணுக்கு ஏச்சு, பெற்ற தாய்க்குப் பழி. டர்னர் நிலை யார் செய்த குற்றத்தாலும் வருவதல்ல.

வகுப்பிலேயே குள்ளமாக நின்றுபோன பெண்ணையும், 15 வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணையும் பரிகாரத்துக்கு அலைக்கழிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை செய்தால் விவரம் தெரிந்துவிடும். தாமதிக்கவும் வேண்டாம்: வளர்ச்சி ஹார்மோன் ஊசி, எலும்பு முனைகள் மூடுவதற்கு முன்புதான் உயரம் கூட்டும்.