மூட்டை அரிக்கும் முடக்குவாதம்

விடியற்காலையில் மண்வெட்டியைப் பிடிக்க விரல் மடங்காவிட்டால், "வேலை அலுப்பு, போகப் போகச் சரிவரும்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இரு கைகளிலும் சிறு மூட்டுக்கள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

எலும்பு முனைகளை வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கிறது. குருத்தெலும்பு என்பதும் இதுவே. இதற்குள் குருதிக் குழாய்கள் இல்லை. மிகச் சில கலங்களே இதைப் பேணுகின்றன.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் இந்நோயில் மூட்டின் உட்சவ்வையே தாக்குகின்றன. கிருமியைக் கொல்வதற்கென அவை உண்டாக்கும், ஒட்சிசனைக் கொண்ட கடும் பொருட்கள் மூட்டுக்குள் சேர்கின்றன. புண்ணில் ஊற்றினால் நுரைக்கும் ஐதரசன் பேரொட்சைட்டும் இவற்றுள் ஒன்று. இவற்றை அடக்கும் பொருட்கள் உடலில் உண்டு. அவை ஈடுகொடுக்க முடியாத நிலையே ஒட்சியேற்ற நெருக்கீடு. அப்போது கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் பழுதடைந்து, கசியிழையக் கலங்கள் மடிகின்றன. வீங்கிய சவ்விலிருந்து வரும் நொதியங்கள் எஞ்சியதையும் அரிக்கின்றன.

பயிர் அழிந்தால் அடுத்த போகம் விதைக்கலாம். அழிந்த கசியிழையம் பழையபடி வளர்வதில்லை. ஆகவே அழிவு தொடங்கும்போதே தடுக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. வீக்கமும் விறைப்பும் சில வாரங்கள் தொடர்ந்தால் வைத்தியசாலைக்குச் செல்வோம்.

2. நோக் குளிசை நோவைத்தான் குறைக்கும். மூட்டின் அழிவை நிறுத்தாது. அதற்கு வேறு மருந்துகள் உண்டு.

3. அவற்றுள் முக்கியமான மெதொட்ரெக்சேற் குளிசையை இந்நோய்க்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. குழந்தை பெற எண்ணுவோர் முன்னரே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

4. புகைத்தல் இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், கைவிடுவோம்.

5. கீரையும் பழமும் உடலுக்கு நல்லவை. ஆனால் மருந்துக்கு ஈடாகா.

6. இடம் மாற நேர்ந்தால் அடையாள அட்டையுடன் கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்வோம். புதிய இடத்து வைத்தியர் அதைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடரலாம்.