பறங்கிக் கொடி பூத்தும் காயாதிருத்தல்

பறங்கி பயிரிடும் குடிகளிடமிருந்து அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. கொடி நன்றாய்ப் படர்ந்திருக்கிறது, இலை செழித்திருக்கிறது, காலைதோறும் பூவும் நிறைய மலர்கிறது, ஆயினும் ஒரு பிஞ்சாகிலும் நிற்கக் காணோம் என்பதே அது. இந்நிலையில் மலட்டு விதையென்று விதை விற்றவரைக் குறை கூறுவோர் உளர். மேலும் மேலும் யூரியா இடுவோர் உளர். கொடியைப் பிடுங்கியெறிந்து நிலத்தை உழுதுவிடுவோரும் உளர். முதலாவது பெரும்பாலும் நியாயமற்றது. இரண்டாவது குறையை வளர்ப்பது. மூன்றாவதோ, சில நாட்களில் காய்க்கவிருந்த தோட்டத்தைக் கைவிடுவதாக முடியும்.

தஞ்சைப் பக்கத்தில் பறங்கி என்றும், கோயமுத்தூர்ப் பக்கத்தில் அரசாணி என்றும், வேறிடங்களில் மஞ்சட்பூசணி என்றும் வழங்கும் இக்கொடியின் பூர்விகம் அமெரிக்கக் கண்டமாகும். இதில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே உண்டாகின்றன. ஆண் பூவுக்கு நீண்டு மெலிந்த காம்பு உண்டு; நடுவில் மகரந்தம் பூசிய ஒற்றைத் தண்டு நிற்கும். பெண் பூவின் காம்பு குறுகித் தடித்திருக்கும். இதழ்களுக்குக் கீழே சிறு உருண்டையான பிஞ்சு மலர்வதற்கு முன்பே தெரியும். முதலில் தோன்றுபவை ஆண் பூக்களே. பெண் பூ ஒரு வாரம் அல்லது பத்து நாள், சில சமயம் அதற்கும் மேல், கழித்தே வரும். வந்த பின்னும் பல ஆண் பூக்களுக்கு ஒன்று என்னும் அளவிலேயே இருக்கும். ஆகையால் பூத்த முதல் வாரத்தில் காயில்லையென்று வருந்துவதற்கு இடமேயில்லை. மார்கழிக் கோலத்தில் வைக்கப் பூப் பறிப்பவர்கள் நீண்ட காம்புள்ள பூவையே பறித்து, கொடிக்குக் கொடி சிலவற்றை விட்டுவைத்தால், காய்ப்புக்கு யாதொரு நஷ்டமும் நேராது.

பெண் பூவே தோன்றாமல் நாள் நீடிக்குமாயின் அதற்குக் காரணங்கள் வேறு. கடும் வெப்பமும் நீண்ட பகலும் ஆண் பூவை மிகுவிக்கின்றன. குளிர்ந்த இரவும் குறுகிய பகலும் பெண் பூவை வரவழைக்கின்றன. ஆனி ஆடியிலும் மார்கழி தையிலும் விதைப்பது நம் நாட்டு வழக்கம். இப்பருவங்கள் தவறிக் கோடையில் பூக்கும்படி விதைத்த கொடி தாமதிப்பது இயல்பே. அடுத்த காரணம் தழைச்சத்தின் மிகுதி. தொழுவத்தின் அருகிலும் குப்பைமேட்டிலும் தானே முளைத்த கொடி பந்தலை மூடுமளவு தழைத்தும் காய் தராதிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். ஓரடி ஆழக் குழி ஒன்றுக்குப் பத்து கிலோ மக்கிய தொழுவெருவும், 6:12:12 விகிதமுள்ள கலப்பு உரம் 100 கிராமும் அடியுரமாக இட்டு, விதைத்து முப்பதாம் நாள் குழிக்குப் பத்து கிராம் தழைச்சத்து கிடைக்குமாறு மேலுரம் இடுவது போதுமானது. இலை கருத்துத் தழைத்திருக்கும் கொடிக்கு, காய்க்கவில்லை என்ற காரணத்திற்காக மேலும் யூரியா இடுவதைப் போன்ற விபரீதம் வேறில்லை.

பெண் பூவை மிகுவிக்க எத்ரல் என்னும் மருந்தைப் பத்து லட்சம் பங்குக்கு 250 பங்கு வீதம் நீரில் கலந்து தெளிப்பதுண்டு. விதைத்துப் பத்துப் பதினைந்து நாளில், இளஞ்செடிப் பருவத்தில் தொடங்கி, வாரம் ஒரு முறையாக நான்கு முறை தெளிக்க வேண்டும். படர்ந்து பூத்துவிட்ட கொடிக்கு இது ஏற்பட்டதன்று.

பெண் பூ மலர்ந்தும் பிஞ்சு மஞ்சளித்து உதிர்வதே குடிகளைப் பெரிதும் மயக்கும் நிலை. பறங்கிப்பூ விடியற்காலையில் மலர்ந்து முற்பகலிலேயே வாடிச் சுருங்குவது. ஒரு பூவுக்கு ஒரு காலையே ஆயுள். அந்தச் சில மணி நேரத்திற்குள் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் சூல்முடியைச் சேர வேண்டும். மகரந்தம் கனத்துப் பசையுள்ளதாகையால் காற்றினால் பரவாது. தேனீயே அதனைச் சுமக்க வேண்டும். இதன் தாயகத்தில் பறங்கிப்பூவையே நம்பி வாழும் தனிவகைத் தேனீக்கள் உண்டு. அவை இந்நாட்டில் இல்லை. இங்கே பொந்துகளில் அடுக்கடுக்காய்க் கூடு கட்டும் தேனீ, மலைத்தேனீ, கொம்புத்தேனீ முதலியவையே அவ்வேலையைச் செய்கின்றன. தேனீ ஓரிரு முறை மட்டும் வந்துபோன பூவில் பிஞ்சு நின்றாலும், ஒருபுறம் சூம்பிக் கோணலாய்ப் போவதுண்டு. அதிகாலையில் மழை பெய்தால் தேனீ வெளிவராது. மகரந்தமும் நனைந்து கெடும்.

மழையினும் பெரிய கேடு மருந்து தெளிப்பு. வண்டுக்கும் அசுவினிக்கும் என்று விடியற்காலையில் தெளிக்கும் பூச்சிமருந்து விரிந்த பூவில் விழுகிறது. அதை நாடி வரும் தேனீக்கள் மடிகின்றன. தெளித்தவருடைய பயிர் மாத்திரமன்று, சுற்றியுள்ள தோட்டங்களும் அப்பால் காய்ப்புக் குன்றும். மருந்து இன்றியமையாததாயின், பூக்கள் மூடிய பிறகு, மாலை வேளையிலேயே தெளிக்க வேண்டும். சுரையும் பீர்க்கும் இவ்விதிக்குப் புறம்பானவை. அவற்றின் பூ மாலையில் மலர்வது. பறங்கிக்கும் சுரைக்கும் அடுத்தடுத்து வரப்பு உடையவர்கள் இதனை மறத்தலாகாது. 1991-ஆம் ஆண்டு முதல் தென்னிந்தியாவில் பரவிய தாய் ஸாக்புரூட் என்னும் நச்சுயிர் நோயால் வளர்ப்புத் தேனீக்கூடுகள் பெருவாரியாக அழிந்தன. எஞ்சியதையும் மருந்தால் அழிப்பது குடிகளுக்குத் தகாது.

குறை தேனீயின்மையா, வேறா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள், அன்றே மலர்ந்த ஆண் பூவைக் காம்புடன் கொய்து, இதழ்களைக் கிழித்து நீக்கி, நடுத்தண்டை அன்றே மலர்ந்த பெண் பூவின் சூல்முடி முழுவதும் படும்படி மெல்லத் தடவ வேண்டும். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். இவ்வாறு வெவ்வேறு கொடிகளில் பத்துப் பூக்களுக்குச் செய்து, காம்பில் வர்ண நூல் கட்டி விடுக. ஒரு வாரத்திற்குள் நூல் கட்டிய பிஞ்சுகள் பருத்து, மற்றவை உதிருமாயின், தேனீ இல்லாமையே குறை; சிறு தோட்டக்காரர் கையாலேயே தொடர்ந்து செய்து கொள்ளலாம், பெருநிலக்காரர் தேனீப்பெட்டி வைப்பது நலம். நூல் கட்டியவையும் உதிருமாயின், நீர்க்குறை, மிகு வெப்பம், நோய் ஆகியவற்றை ஆராய வேண்டும். உதிர்ந்த பிஞ்சைப் பிளந்து பார்த்துப் புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. அத்தகைய பிஞ்சுகளைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். கொடியில் முன்பே இரண்டொரு பெருங்காய் முற்றிக்கொண்டிருந்தாலும் புதுப்பிஞ்சு நிற்பது அரிது. இது நோயன்று, கொடியின் சக்தி முழுதும் அக்காய்களுக்கே செல்கிறது. இளங்காய்க்கு விலை கிடைக்குமிடத்தில் முதற்காய்களைப் பிஞ்சிலேயே பறித்தால் மேலும் காய்கள் பிடிக்கும்.

ரகத்தையும் கவனிக்க வேண்டும். ஏழெட்டுக் கிலோ நிறையுள்ள காய் தரும் கோ 1 ரகத்திற்கு வயது ஏறக்குறைய 175 நாள். சிறுகாய் தரும் கோ 2 ரகத்திற்கு ஏறக்குறைய 135 நாள். முன்னதை விதைத்துவிட்டுப் பின்னதன் காலத்தில் அறுவடையை எதிர்பார்த்தவர், குத்தகைத் தவணைக்குப் பணம் புரளாமல் இடர்ப்படுவர்.

விதை பொய்த்தது என்று விண்ணப்பம் வருமிடத்தில், கிராம அதிகாரிகள் காலை எட்டு மணிக்குள் நிலத்தை நேரில் பார்வையிடுதல் வேண்டும். பிற்பகலில் சென்றால் வாடிய பூவன்றி வேறொன்றும் தெரியாது. விதைத்த தேதி, ரகம், இட்ட உரம், மருந்து தெளித்த வேளை, பெண் பூ உண்டா இல்லையா என்னும் ஐந்தையும் குறித்துக்கொண்டு, மேற்கூறிய நூல் சோதனையின் முடிவு தெரிந்த பின்னரே பயிர்ச் சேதம் என்று அடங்கலில் எழுதுவது முறையாகும்.