ஒரே தூரம், இரண்டு நேரம்

லண்டனிலிருந்து நியூயார்க் செல்லும் ஜெட் விமானம் ஏறத்தாழ 8 மணி நேரம் பறக்கிறது. அதே விமானம் திரும்பும்போது 7 மணி நேரத்திற்குள் லண்டன் வந்துவிடுகிறது. இடைத்தூரம் சுமார் 5,550 கிலோமீட்டர், அது மாறுவதில்லை. பின் நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதுதான் காரணம் என்று சிலர் நினைக்கலாம். அப்படியானால், மேற்கே பறக்கும் விமானத்தை நோக்கி நியூயார்க் நகரமே எதிர்கொண்டு வரவேண்டும். போகும் நேரமல்லவா குறைய வேண்டும்? ஓடும் ரயில் பெட்டிக்குள் மேலே எறிந்த பந்து நம் கைக்கே திரும்புகிறது. பெட்டியோடு பந்தும் ஓடுவதே காரணம். அதுபோல வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஆகவே பூமியின் சுழற்சியால் விமானத்திற்கு நேரடியான லாபமோ நட்டமோ இல்லை.

உண்மைக் காரணம் காற்று. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், வடக்கேயுள்ள குளிர்ந்த காற்றும் தெற்கேயுள்ள வெப்பமான காற்றும் சந்திக்கும் எல்லையில், ஓர் ஆறு போலக் காற்று கிழக்கு நோக்கிப் பாய்கிறது. இதுவே ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் வெப்ப வேறுபாடு மிகுவதால் இதன் வேகமும் மிகும். சில நாட்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். ஆற்றோடு போகும் படகு விரைகிறது. எதிர்த்து வரும் படகு திணறுகிறது. விமானத்தின் நிலையும் அதுவே.

போகும்போது இழந்ததை வரும்போது ஈடு செய்துவிடலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், காற்றின் வேகம் 150 கிலோமீட்டர் என்று கொள்வோம். மேற்கே செல்லும்போது வேகம் 750. நேரம் 7 மணி 24 நிமிடம். கிழக்கே திரும்பும்போது வேகம் 1,050. நேரம் 5 மணி 17 நிமிடம். மொத்தம் 12 மணி 41 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 20 நிமிடம் போதும். ஆக, 21 நிமிடம் நட்டம்! எதிர்க்காற்றில் அதிக நேரம் சிக்கியிருக்கிறோம். துணைக்காற்றிலோ குறைந்த நேரமே இருக்கிறோம். ஆகவே காற்று கொடுப்பதைவிட எடுப்பதே அதிகம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. போயிங் 747 போன்ற பெரிய விமானம் மணிக்கு ஏறத்தாழ 10 டன் எரிபொருளைக் குடிக்கும். 21 நிமிடம் என்றால் மூன்றரை டன்! அதனால்தான் விமானங்களின் வழி காற்றின் போக்கைக் கணித்து நாள்தோறும் வகுக்கப்படுகிறது. கிழக்கே வருபவை காற்றோட்டத்தை நாடிச் செல்லும். மேற்கே செல்பவை சற்றுத் தூரம் மிகுந்தாலும் அதை விலக்கிச் செல்லும். தூரத்தில் குறுகிய வழி நேரத்திலும் குறுகியதாக இருக்க வேண்டுமென்பதில்லை.

2020 பிப்ரவரியில் ஐரோப்பாவைப் புயலொன்று தாக்கியபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆயினும் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை. தன்னைச் சுற்றிய காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. மிச்ச வேகம் காற்று தந்த கொடை.

விமானக் கால அட்டவணை ஒன்று கையில் கிடைத்தால், இரு நகரங்களின் கடிகார வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு, போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த வானத்து ஆறு எத்திசையில் ஓடுகிறது என்பதை நீங்களே கண்டு சொல்லிவிடலாம்.