சிறுத்த இரைப்பையும் பெருத்த உபசாரமும்

தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட தருமபுரிச் சீமையில் களி உண்ணத் தெரியாதவர் அரிது. கேழ்வரகு மாவைக் கொதிநீரில் இட்டுக் கிளறி உருட்டிய களியை விரலால் கிள்ளி, குழம்பில் தோய்த்து வாயிலிட்டால் பற்களுக்கு வேலையில்லை. வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கிவிடும். களியை மென்று தின்பவனைக் கண்டு வீட்டுப் பெரியவர்கள் நகைப்பதும் உண்டு. தலைமுறை தலைமுறையாக வந்த இந்த விழுங்கும் பழக்கமே இன்று நம்மிடையே சிலருக்குத் துன்பமாய் முடிகின்றது. உடற்பருமனைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவர்களையே குறிப்பிடுகின்றோம்.

வானம் பார்த்த பூமியில் பருமனுக்குச் சிகிச்சையா என்று வியக்க வேண்டாம். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள்; ஆண்களில் 37 விழுக்காட்டினர். நீரிழிவும் மூட்டுவலியும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வாட்டும்போது, சிலருக்கு மருத்துவர்கள் இந்த அறுவையைப் பரிந்துரைக்கின்றனர். நிதின் கட்கரி 2011இலும், அப்போது நிதியமைச்சராயிருந்த அருண் ஜெட்லி 2014இலும் இத்தகைய சிகிச்சை பெற்றதை நாளேடுகள் எழுதின. நம் பகுதியினர் இதற்காகக் கோவைக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்கின்றனர். அறுவை நடப்பது அங்கே. ஆனால் உண்ணக் கற்றுக்கொள்வது இங்கே, நம் அடுக்களையில்.

இச்சிகிச்சை பிறந்த வரலாறு கருதத்தக்கது. இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கி நோயாளியைப் பிழைக்கவைத்த முதல் அறுவையை வியன்னா நகரில் பில்ரோத் என்னும் மருத்துவர் 1881இல் செய்தார். பின்னர் குடற்புண்ணுக்காகவும் பலருக்கு இரைப்பை அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் பலர் மீண்டும் எடை கூட இயலாமல் மெலிந்தே இருந்தனர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு மேசன் இதனைக் கருத்திற்கொண்டு, 1966இல் பருமனுக்கென்றே இரைப்பை பைபாஸ் அறுவையைத் தொடங்கினார். அன்று வேண்டாத விளைவாய் இருந்தது இன்று மருந்தாயிற்று. ஆகவே, குறைவாக உண்பது இச்சிகிச்சையின் பழுதன்று. அதுவே அதன் நோக்கம்.

இப்போது மிகுதியாய்ச் செய்யப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு குறுகிய குழாய்போல் ஆகின்றது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு நீக்கப்பட்ட பகுதியில்தான் மிகுதியாய் உண்டாவது. அதனால் தொடக்க மாதங்களில் பலருக்குப் பசியே தோன்றாது. அவர்கள் பசிக்காக அன்று, கடிகாரத்தைப் பார்த்து உண்ணவேண்டியவர்கள். முதல் நாள்களில் நீரை மடக்கு மடக்காகப் பருகவேண்டும். பின்னர் இரண்டு வாரமளவில் நீர்த்த உணவு, அடுத்து மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறவேண்டும். வழக்கமான உணவுக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். மருத்துவர் தந்த அட்டவணை ஒருவருக்கொருவர் சற்று மாறலாம். அவரவர்க்குத் தந்ததே அவரவர்க்குச் சட்டம்.

துன்பம் எங்கே எழுகின்றது? விழுங்கிப் பழகியவர் மெல்ல மறக்கிறார். சோற்றுக் கவளமோ சப்பாத்தியோ உலர்ந்த இறைச்சித் துண்டோ இறங்காமல் நின்றுவிடும். நெஞ்சுக்குழியில் கல் வைத்தாற்போல் வலிக்கும், வாயில் நுரைத்த உமிழ்நீர் ஊறும், குமட்டி வாந்தியாகும். களியுருண்டையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது முறை மென்று கூழாக்கிய பின்னரே விழுங்கவேண்டும். சாப்பாட்டின் இடையே தண்ணீர் பருகலாகாது. உண்டு அரைமணி கழித்தே பருகவேண்டும். இன்னும் ஒரு வாய் என்று மனம் சொன்னாலும், நிறைந்தது என்று வயிறு சொன்னவுடன் கையைக் கழுவிவிட வேண்டும். பைபாஸ் செய்தவர்கள் சர்க்கரைப் பொங்கலோ இனிப்புப் பண்டமோ உண்டால், அது குடலுக்குள் விரைந்து இறங்கி, படபடப்பும் வியர்வையும் தலைச்சுற்றலும் வயிற்றுப்போக்கும் உண்டாகலாம்.

நம் வீடுகளில் மற்றொரு தவறான எண்ணமும் உண்டு. "ஒன்றும் இறங்கவில்லையென்றால் கேழ்வரகுக் கஞ்சி போதும்" என்பார்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் 100 கிராம் மாவில் புரதம் ஏழு கிராம் அளவே. அறுவை செய்தவர்க்கோ நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. எனவே கிண்ணத்தில் இடம்பெறும் சிறிதளவு உணவில் முட்டை, மோர், தயிர், மசித்த பாசிப்பருப்பு, முள்நீக்கிய மீன் ஆகியவற்றுக்கே முதலிடம். கஞ்சியும் சோறும் பின்வரட்டும். வைட்டமின், இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளை உடல் தேறிவிட்டதென்று நிறுத்திவிடலாகாது. அவை வாழ்நாள் முழுதும் தொடரவேண்டியவை.

எச்சரிக்கை ஒன்று. வாந்தி நாள்கணக்கில் நீடித்தால், "ஆபரேஷன் செய்தால் அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் வைத்திருக்கலாகாது. உடலில் பி-1 வைட்டமின் வற்றி, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, நினைவும் குலையக்கூடும். காலத்தில் ஊசி போடாவிடில் அக்கேடு நிலைத்துவிடலாம். காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, வயிற்றிலோ இடத் தோளிலோ கடும் வலி ஆகியவை தோன்றினால் தையல் கசிகின்றதோ என்று ஐயுற்று, அந்நேரமே மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

வாசக அன்பர்களே, உடலின் துன்பத்தைவிட ஊராரின் சொல் சுடுவதுண்டு. நம்மவர் அன்பை இலையில் விழும் சோற்றால் அளப்பவர்கள். "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள் கண்ணு" என்பது இங்குள்ள தாய்மார் அறிந்த பாச மொழி. மறுத்தால் முகம் வாடும். மீதி வைத்தால் அவமதிப்பாகும். அதற்கு அஞ்சியே சிலர் வற்புறுத்தலுக்கு இணங்கி உண்டு, கொல்லைப்புறம் சென்று வாந்தியெடுக்கின்றனர். வேறு சிலர் திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் வருவதையே விட்டுவிடுகின்றனர். "இவ்வளவு செலவு செய்து, வாய்க்கு ருசியாய் உண்ணவும் முடியாமல் ஆயிற்றே" என்று முகத்துக்கு நேரே கேட்போரும் உண்டு. நோயுற்றவருக்கு ஆறுதல் சொல்லும் முறையா இது?

பருமனானவரைக் கண்டவுடன் தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்றாகிய போசனப்பிரியத்தை அவர்மீது சுமத்துவதும் அநியாயம். பரம்பரை, சுரப்பிகளின் கோளாறு, சில மருந்துகள், உறக்கக் குறைவு, மனக்கவலை எனப் பல காரணங்களால் விளையும் நோய் அது. நோயைப் பாவமென்பது இரக்கமுமன்று, உண்மையுமன்று.

நோன்பு பற்றியும் சிலர் கலங்குகின்றனர். நற்கருணைக்கு முன் ஒருமணி நேர உபவாசத்தில் தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. நோயாளரும் முதியோரும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒருமணிக்குள் ஏதேனும் அருந்தியிருந்தாலும் நற்கருணை உட்கொள்ளலாம் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 919ஆம் சட்டத்தில், தெளிவாய்க் கூறுகின்றது. தவக்கால உபவாசமும் நோயாளரைக் கட்டுப்படுத்தாது. மடக்கு மடக்காக நீர் பருகி உடலைக் காப்பதே அவர்களுக்குரிய கடமை.

திருக்குறளில் "மருந்து" என்னும் அதிகாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குறட்பாக்கள் உணவின் அளவையும் வேளையையுமே பேசுகின்றன. அளவறிந்து உண்பது நமக்குப் புதிதன்று. அளவறிந்து பரிமாறுவதே புதிதாய்க் கற்கவேண்டியது. வீட்டில் இத்தகையவர் இருந்தால் சிறு கிண்ணமும் சிறு கரண்டியும் தனியே வையுங்கள். அவர் உண்டு முடிக்க அரைமணி ஆகும். அதுவரை ஒருவர் உடன் அமர்ந்திருங்கள். "போதும்" என்று அவர் சொன்னால் மறுமுறை கேளாதீர்கள். விருந்துக்கு அழையுங்கள், இலையில் அவர் கேட்டதை மட்டும் இடுங்கள். நான்கு வாய் உண்டு எழுந்தவரும் நம் பந்தியில் உண்டவரே.